பிள்ளை பேசும்வரை காத்திருக்க வேண்டாம்

 

மருத்துவ உதவி கோரி நமது அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில், காது கேளாத பிள்ளைகளுக்கான மனுக்களைப் பிரித்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பிள்ளையின் வயது ஐந்து, ஆறு, சில சமயம் ஏழு. பிறவியிலேயே செவித்திறன் இல்லை என்று மருத்துவர் எழுதியிருப்பார். இத்தனை ஆண்டுகள் ஏன் போயிற்று என்று கேட்டால், பெற்றோர் தரும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "அவங்க வாப்பாவும் லேட்டாத்தான் பேசினாங்களாம். இவனும் பேசிடுவான்னு வீட்டுப் பெரியவங்க சொன்னாங்க."

பணத்துக்கு ஏதேனும் ஒரு வழி தேடிவிடலாம். கடந்துபோன வயதைத் திருப்பி வாங்க வழியில்லை. ஆகவே பிள்ளைகளின் செவித்திறன் குறைபாட்டை எப்போது, எப்படிக் கண்டறிவது, கண்டறிந்த பின் என்ன செய்வது என்பதை இந்த இதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம். வீட்டில் கைக்குழந்தை உள்ளவர்களும், நிக்காஹ் முடிந்து பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்திருப்பவர்களும் அவசியம் வாசிக்க வேண்டுகிறோம்.

அவசரம் ஏன்?

ஒலியை உள்ளே கொண்டுசெல்வது காது. அதைப் பேச்சாக விளங்கிக்கொள்வது மூளை. கருவிலிருக்கும் சிசு ஏறத்தாழ ஆறாம் மாதத்திலிருந்தே ஒலிகளைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. உம்மாவின் குரலை அறிந்தேதான் பிள்ளை பிறக்கிறது. பிறந்த பின் முதல் மூன்று, மூன்றரை ஆண்டுகளில் மூளையின் கேட்கும் பகுதி மிக வேகமாக வளர்கிறது. அந்தக் காலத்தில் ஒலியே வராவிட்டால், அந்தப் பகுதி சும்மா இருப்பதில்லை. பார்வை, தொடுதல் போன்ற மற்ற புலன்களின் வேலைக்கு அது மெல்ல மெல்லத் திரும்பிவிடுகிறது.

பிறவியிலேயே முற்றிலும் கேளாத ஒரு பிள்ளைக்கு ஏழு வயதுக்குப் பின் முதன்முதலாக ஒலியைக் கொடுத்தால், ஓசை கேட்கும். ஆனால் அந்த ஓசையைச் சொற்களாகப் பிரித்து விளங்குவது மிகவும் கடினம். அதே சிகிச்சையை ஒன்றரை, இரண்டு வயதில் பெற்ற பிள்ளைகளில் பலர் மற்ற பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளியில் படிக்கிறார்கள்.

இதனால்தான் உலகெங்கும் மருத்துவர்கள் "ஒன்று, மூன்று, ஆறு" என்றொரு கணக்கை வைத்திருக்கிறார்கள். பிறந்து ஒரு மாதத்திற்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்திற்குள் குறைபாடு உண்டா இல்லையா என்ற உறுதி, ஆறு மாதத்திற்குள் சிகிச்சையின் தொடக்கம். அமெரிக்காவில் 1998-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆறு மாதத்திற்குள் குறைபாடு கண்டறியப்பட்ட குழந்தைகள், அதன் பிறகு கண்டறியப்பட்டவர்களைவிட மொழி வளர்ச்சியில் தெளிவாக முன்னே நிற்பதைக் காட்டியது.

வீட்டில் தட்டிப் பார்ப்பது ஏன் ஏமாற்றுகிறது?

பெற்றோருக்குச் சந்தேகம் வராமல் இருப்பதில்லை. வந்ததும் கையைத் தட்டிப் பார்ப்பார்கள், எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவார்கள். பிள்ளை திரும்பினால் நிம்மதி அடைந்துவிடுவார்கள். இங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது.

கை தட்டும்போது காற்று படுகிறது, நிழல் அசைகிறது. தட்டு விழுந்தால் தரை அதிர்கிறது. கேளாத பிள்ளையின் கண்ணும் தோலும் கூர்மையானவை. அவன் அவற்றைக் கொண்டு திரும்பியிருக்கலாம். அதோடு, குறைபாடு என்பது முற்றிலும் கேளாமை மட்டுமல்ல. நாம் இயல்பாகப் பேசும் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல் அளவில் இருக்கிறது. தட்டு விழும் ஓசை அதைவிடப் பல மடங்கு பெரிது. தட்டுச் சத்தத்திற்குத் திடுக்கிடும் பிள்ளைக்குப் பேச்சு கேட்காமல் இருக்கக்கூடும்.

பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்லும்போது அது கண் விழித்துப் பார்த்தது, ஆகவே காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்வாருண்டு. பாங்கு சொல்வது நம் வழக்கம், சொல்வோம். ஆனால் அதைச் செவிப் பரிசோதனையாகக் கொள்ள வேண்டாம். சொல்பவரின் மூச்சுக்காற்று காதில் பட்டாலே குழந்தை அசையும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. முற்றிலும் கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் அழும், சிரிக்கும், "ங்கா" என்று குரலெழுப்பும். அதைக் கேட்டு "குரல் வருகிறதே" என்று இருந்துவிடுகிறோம். கேட்கும் குழந்தை ஏழெட்டு மாதத்திலிருந்து "பாபா", "மாமா" என்று அசைகளை அடுக்கத் தொடங்கும். கேளாத குழந்தையிடம் அது வராது, அல்லது மிகத் தாமதமாக வரும். வித்தியாசம் அங்கேதான் வெளிப்படுகிறது.

என்னென்ன பரிசோதனைகள்?

*ஓ.ஏ.இ. பரிசோதனை.* பிறந்த ஓரிரு நாளிலேயே செய்யக்கூடியது. மென்மையான ரப்பர் நுனி கொண்ட சிறு கருவியைக் காதில் வைத்து மெல்லிய ஒலியை அனுப்புவார்கள். உட்காதில் காக்ளியா எனப்படும் நத்தை வடிவச் சுருள் இருக்கிறது. அதிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் நல்ல நிலையில் இருந்தால், பதிலுக்கு மிக மெல்லிய ஓர் ஒலியைத் திருப்பி அனுப்பும். இந்த வியப்பான உண்மையை டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1978-இல் வெளியிட்டார். குழந்தை தூங்கினால் போதும், சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இதில் குழந்தை தேறவில்லை என்றால் பதற வேண்டாம். பிறந்த புதிதில் காதுக்குள் ஈரமும் மாவு போன்ற படிவும் இருப்பதாலும் அப்படி வரலாம். மறுபடி சோதிக்கும்போது பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகின்றன. ஆனால் மறுபடி வரச் சொன்ன தேதியில் கட்டாயம் போக வேண்டும். நாற்பது கழியட்டும், அகீகா முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, பிறகு மறந்தேபோகிற குடும்பங்கள் உண்டு.

*பெரா பரிசோதனை.* குறைபாட்டை உறுதி செய்வதும், எந்த அளவு என்று சொல்வதும் இதுதான். நெற்றியிலும் காதுக்குப் பின்னும் சிறு ஒட்டுகளை ஒட்டி, காதில் ஒலி கொடுத்து, அது செவி நரம்பு வழியாக மூளைத் தண்டு வரை செல்கிறதா என்று கணினியில் பதிவு செய்வார்கள். "தலையில் கரண்ட் வைக்கிறார்கள்" என்று சிலர் பயந்து திரும்பிவிடுகிறார்கள். மின்சாரம் எதுவும் பாய்ச்சுவதில்லை, குழந்தையின் நரம்பில் இயல்பாக எழும் சமிக்ஞையைப் பதிவு செய்கிறார்கள், அவ்வளவுதான். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். ஆகவே அன்று முன்கூட்டித் தூங்கவிடாமல் கொண்டுபோய், அங்கே பால் கொடுத்துத் தூங்க வைப்பது நல்லது.

குறைமாதத்தில் பிறந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது. உட்காது நன்றாக இருந்தும் நரம்பு வழியாகச் செய்தி ஒழுங்காகப் போகாத ஒரு வகைக் குறைபாடு இவர்களிடம் காணப்படுவதுண்டு. அது பெராவில்தான் தெரியும்.

இவை தவிர, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதா என்று அறியும் பரிசோதனை உண்டு. ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தை ஒலி வந்த திசைக்குத் தலையைத் திருப்புகிறதா என்று விளக்கெரியும் பொம்மைகளைக் கொண்டு பார்ப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளையிடம் ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு மணியைப் பெட்டியில் போடச் சொல்லி விளையாட்டாகவே சோதிப்பார்கள். இவற்றைச் செய்பவர் ஆடியாலஜிஸ்ட் எனப்படும் செவித்திறன் நிபுணர். காது மூக்கு தொண்டை மருத்துவரும் இவரும் சேர்ந்தே சிகிச்சையை முடிவு செய்வார்கள்.

காரணங்களும் நாம் தடுக்கக்கூடியவையும்

பிறவிச் செவிக்குறைபாட்டில் ஏறத்தாழ பாதி மரபணு சார்ந்தது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மாமி மகள், மாமன் மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் திருமணம் செய்யும் குடும்பங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. காது கேட்கும் தாய், தந்தை இருவரும் ஒரே பழுதுபட்ட மரபணுவின் ஒரு பிரதியைத் தெரியாமல் சுமந்திருப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் குறைபாடு வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் மணந்த எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே கேளாத பிள்ளை இருந்தால், அடுத்த சம்பந்தத்தைப் பேசுமுன் மரபியல் ஆலோசனை பெறுவது அறிவுடைமை. பழுதின் ஒரு பாதி தந்தையிடமிருந்தும் வருகிறது. ஆகவே பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றதும் மருமகளைக் குறை சொல்லும் பேச்சுக்கு மருத்துவத்திலும் இடமில்லை, நியாயத்திலும் இடமில்லை.

மற்ற காரணங்களில் பல தடுக்கக்கூடியவை. குழந்தைப் பருவச் செவிக்குறைபாடுகளில் 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருபவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா எனும் அம்மை வந்தால் பிள்ளையின் காது, கண், இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம். 2017-இல் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளை நம்பி ஊசி போடாமல் விட்ட பிள்ளைகள் உண்டு. அந்தப் பெண் பிள்ளைகள் இப்போது திருமண வயதை நெருங்குகிறார்கள். கருத்தரிப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது அந்த ஊசியைப் போட்டுக்கொள்ள மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பமான பின் அது போடக்கூடாது.

பிறந்த குழந்தைக்குக் கடுமையான மஞ்சள் காமாலை, குறைந்த எடை, பிறக்கும்போது மூச்சுத்திணறல், சில வகை ஆன்டிபயாடிக் ஊசிகள் ஆகியவையும் காதைப் பாதிக்கலாம். பாக்டீரியா மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த பிள்ளைக்கு உடனே செவிப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்நோய்க்குப் பின் உட்காதுச் சுருள் சில வாரங்களிலேயே எலும்பாக இறுகத் தொடங்கிவிடக்கூடும். அதன் பிறகு அறுவை சிகிச்சையும் கடினமாகிவிடும்.

பிறகு வரும் குறைபாடு: உஸ்தாதுகள் கவனத்திற்கு

பிறந்தபோது தேறிய பிள்ளைக்கும் பின்னர் குறை வரலாம். சளி, தொண்டைத் தொற்று அடிக்கடி வரும் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் பிசின் போன்ற நீர் தேங்கும். காதில் வலி இராது, சீழும் வராது, ஆனால் கேட்பது மங்கிவிடும். இப்பிள்ளைகள் சொன்னதைத் திருப்பிக் கேட்பார்கள், டிவியின் சத்தத்தைக் கூட்டுவார்கள், ஒரு பக்கக் காதையே திருப்பிக் காட்டுவார்கள்.

மக்தபில் இதை முதலில் கண்டுகொள்ளக்கூடியவர் உஸ்தாதுதான். மெல்லிய, கூர்மையான ஒலிகள் மட்டும் கேளாத பிள்ளைகள் உண்டு. வீட்டுத் தமிழில், சொல்லின் மற்ற எழுத்துகளை வைத்து ஊகித்துச் சமாளித்துவிடுவார்கள். ஆனால் ஸீன், ஸாத், ஷீன், ஃபா எழுத்துகளை எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் பிரித்து ஓதமாட்டார்கள். அவர்களை மந்தபுத்தி, கவனமில்லாதவன் என்று முடிவு செய்யுமுன், பெற்றோரை அழைத்து ஒருமுறை காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, கொண்டை ஊசியால் குடைவது, பூண்டுச் சாறு விடுவது ஆகியவற்றை அறவே விட்டுவிட வேண்டும். காதில் சீழ் வடிவது சிறுபிள்ளைகளுக்குச் சகஜம் என்று விட்டுவைக்கவும் கூடாது.

சிகிச்சை மூன்று வகை

முதலாவது, மருந்தாலும் சிறு அறுவை சிகிச்சையாலும் சரியாகக்கூடியவை. அழுக்கு அடைப்பு, தேங்கிய நீர், செவிப்பறையில் ஓட்டை ஆகியவை இதில் அடங்கும். தேங்கிய நீர் பெரும்பாலும் மூன்று மாதத்திற்குள் தானே வற்றிவிடும். வற்றாவிட்டால் செவிப்பறையில் மிகச் சிறிய குழாய் வைத்து வடிப்பார்கள்.

இரண்டாவது, காது கேட்கும் கருவி. உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே மிஞ்சியிருக்கும் செவித்திறனுக்குத் தக்கபடி ஒலியைப் பெருக்கித் தரும் கருவியைப் பொருத்துவார்கள். சில வாரக் குழந்தைக்கும் பொருத்தலாம். இரு காதிலும் குறை இருந்தால் இரு காதுக்கும் கருவி வேண்டும். பெரா அறிக்கை இல்லாமல், கடையில் விலை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிப் போடக்கூடாது.

மூன்றாவது, காக்ளியர் இம்ப்ளான்ட். நல்ல கருவியைச் சில மாதங்கள் ஒழுங்காக மாட்டியும் பயன் தராத அளவுக்குக் குறை மிகுந்த பிள்ளைகளுக்கு இது. அறுவை சிகிச்சை மூலம் காக்ளியாவுக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்துவார்கள். காதுக்கு வெளியே மாட்டும் பிராசஸர் என்ற கருவி ஒலியை மின் சமிக்ஞையாக மாற்றி உள்ளே அனுப்ப, அது நேராகச் செவி நரம்பைத் தூண்டும். செவி நரம்பு இருக்கிறதா என்பதை முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

அறுவை முடிந்த அன்றே பிள்ளை கேட்டுவிடும், மறுவாரம் பேசிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காயம் ஆறி, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்தே பிராசஸரை இயக்கத் தொடங்குவார்கள். அன்றுதான் அப்பிள்ளைக்குக் கேட்கும் வயது தொடங்குகிறது. இரண்டு வயதில் இயக்கினால், மூன்று வயதில் அவனது கேட்கும் வயது ஒன்று. ஒரு வயதுப் பிள்ளை எத்தனை சொல் பேசுமோ அதைத்தான் அப்போது எதிர்பார்க்க வேண்டும்.

கருவி வந்த பிறகுதான் வேலை

பீரோவுக்குள் பத்திரமாக வைக்கப்பட்ட கருவியால் எந்தப் பிள்ளையும் பேசியதில்லை. "அழுகிறான், கழற்றி எறிகிறான்" என்று விட்டுவிடக்கூடாது. விழித்திருக்கும் நேரம் முழுவதும் கருவி காதில் இருக்க வேண்டும்.

கைக்குழந்தையின் காது வேகமாக வளர்வதால், காதுக்குள் பொருந்தும் அச்சைச் சில மாதத்திற்கொரு முறை மாற்ற வேண்டும். கருவி விசிலடித்தால் அச்சு தளர்ந்துவிட்டது என்று அறியலாம். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றும் வியர்வையும் கருவிக்கு ஆகாது. இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் உள்ள டப்பாவில் வையுங்கள். பட்டன் பேட்டரியைப் பிள்ளை விழுங்கிவிட்டால் நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பேச்சுப் பயிற்சி மையத்தில் கிடைப்பது வாரத்தில் சில மணி நேரம். மீதி முழுவதும் வீடுதான் பள்ளி. சோறூட்டும்போது, குளிப்பாட்டும்போது, கடைக்குத் தூக்கிச் செல்லும்போது, பிள்ளையின் முகத்தருகில் தெளிவாகப் பேசிக்கொண்டே இருங்கள். கத்த வேண்டியதில்லை. உம்மா மட்டுமல்ல, வாப்பா, உம்மம்மா, ராத்தா எல்லோரும் பேச வேண்டும். வாப்பா வெளிநாட்டிலிருந்தால் வீடியோ அழைப்பில் பேசட்டும்.

அரசு வழங்கும் உதவிகள்

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பரிசோதனை நடக்கிறது. குறை தென்பட்டால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்திற்கு அனுப்புவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களின் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை வழங்கப்படுகிறது. பல லட்ச ரூபாய் ஆகும் சிகிச்சை இது. ஆறு வயதைத் தாண்டினால் இந்தக் கதவு மூடிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். மத்திய அரசின் திட்டத்திலும், பிறவியிலேயே கேளாத பிள்ளைகளுக்கு ஐந்து வயது வரைதான்.

காது கேட்கும் கருவிக்கும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, பிறப்புச் சான்று, பெரா அறிக்கை ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பின் வரும் பேட்டரி, வயர், பழுதுபார்ப்புச் செலவுகளுக்கும் முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

காலம் கடந்துவிட்ட பிள்ளைகளுக்கு

எல்லாப் பிள்ளைக்கும் இம்ப்ளான்ட் பொருந்தாது. வயது கடந்துவிட்ட பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு எதுவும் இல்லை என்று விட்டுவிடுவது பெரும் அநீதி. இந்தியச் சைகை மொழி முழுமையான ஒரு மொழி. அதன் ஆய்வுக்கும் பயிற்சிக்குமென 2015-இல் புது தில்லியில் மத்திய அரசு ஒரு தனி நிறுவனத்தையே தொடங்கியது. வாயால் பேச வராத பிள்ளைக்குக் கையால் பேசும் மொழியாவது கிடைக்க வேண்டும். எந்த மொழியும் இல்லாமல் ஒரு பிள்ளை வளரக்கூடாது. பிள்ளை சைகை மொழி கற்றால் வீட்டாரும் சேர்ந்து கற்க வேண்டும். இல்லையேல் சொந்த வீட்டிலேயே அவன் தனியாள்.

சுருக்கமாக

* பிறந்து ஒரு மாதத்திற்குள்: ஓ.ஏ.இ. பரிசோதனை. பிரசவம் நடந்த இடத்தில் அது இல்லாவிட்டால் எங்கே செய்யலாம் என்று கேட்டுச் செல்லுங்கள்.
* மூன்று மாதம்: பெரிய ஓசைக்குத் திடுக்கிடவில்லை, உம்மாவின் குரலுக்கு அமைதியாகவில்லை என்றால் பரிசோதனை.
* ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை: கூப்பிடும் திசைக்குத் திரும்பவில்லை, "பாபா" "மாமா" அடுக்கவில்லை என்றால் பரிசோதனை.
* ஒரு வயது: பெயர் சொல்லி அழைத்தால் பார்க்கவில்லை என்றால் பரிசோதனை.
* ஒன்றரை வயது: பொருளோடு சில சொற்கள் வரவில்லை என்றால் பரிசோதனை.
* எந்த வயதிலும்: மூளைக்காய்ச்சலுக்குப் பின், காதில் சீழ் வடிந்தால், பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குறைத்தால் பரிசோதனை.

பரிசோதனையில் குறை இல்லை என்று வந்தால் நஷ்டம் ஒரு நாள் அலைச்சல் மட்டுமே. குறை உண்டு என்று வந்தால், ஒரு பிள்ளையின் வாழ்நாளுக்கான பேச்சு மிச்சமாகிறது. உங்கள் தெருவில் ஒன்றரை வயதாகியும் பேசாத பிள்ளை இருந்தால், "பேசிடுவான்" என்று ஆறுதல் சொல்லி வராதீர்கள். பரிசோதனைக்கு உடன் சென்று வாருங்கள். வழிதெரியாதவர்களுக்கு நமது அலுவலகம் இன்ஷா அல்லாஹ் துணை நிற்கும்.

வஸ்ஸலாம்.

செயலாளர்